பவுன் முதல் பாலிமர் நோட்டு வரை: பிரிட்டிஷ் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பழைய சாவிகளும் பொத்தான்களும் போட்டுவைத்த தகர டப்பாவில் ஒரு பிரிட்டிஷ் அரைப் பென்னி கிடந்தது. ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், மறுபக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, கப்பலுக்கு மேலே 1944 என்ற ஆண்டு. அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. "இதற்கு எத்தனை மிட்டாய் கிடைக்கும்?" என்று சிறு வயதில் பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கிய ஆர்வம் இன்றுவரை விடவில்லை. லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், பழைய நாணயம் வைத்திருப்பவர்களும், ஆங்கில நாவல் படிக்கும்போது ஷில்லிங் கணக்கில் திணறுபவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

பவுண்டு என்பது எடையா, பணமா?

முதலில் எடை, பிறகு பணம். எட்டாம் நூற்றாண்டில், இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னர் காலத்தில் மெல்லிய வெள்ளிப் பென்னிகள் பரவலாயின. ஒரு பவுண்டு எடை வெள்ளியிலிருந்து 240 பென்னிகள் அடிப்பது என்பது கணக்கு. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. இதே முறை அக்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்தது.

இதில் வியப்பான செய்தி, பல நூறு ஆண்டுகள் பவுண்டு என்று ஒரு நாணயமே கிடையாது என்பதுதான். கணக்குப் புத்தகத்தில் பவுண்டு என்று எழுதுவார்கள். கையில் எண்ணிக் கொடுப்பது பென்னிகளை. ஒரு பவுண்டு மதிப்புள்ள நாணயம் முதன்முதலாக 1489 இல், ஏழாம் ஹென்றி காலத்தில், தங்கத்தில் வந்தது. அதற்கு 'சாவரின்' என்று பெயர் வைத்தார்கள். அரசர் என்று பொருள்.

பவுண்டின் குறி ஏன் 'எல்' எழுத்துப் போல இருக்கிறது?

எடையைக் குறிக்கும் லத்தீன் சொல் 'லிப்ரா'. அதன் முதல் எழுத்தின் குறுக்கே கோடு போட்டதுதான் இந்தக் குறி. பென்னிக்குப் பழைய சுருக்கம் 'டி'. அது ரோமானியரின் 'தெனாரியஸ்' நாணயத்திலிருந்து வந்தது. ஷில்லிங்குக்கு 'எஸ்', ஷில்லிங்கின் முதல் எழுத்தாகவே தோன்றினாலும் அது 'சொலிடஸ்' என்ற ரோமானிய நாணயத்தைக் குறித்தது. ரோமானியர் போய் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் லண்டன் மளிகைக் கடைக்காரர் அவர்களுடைய எழுத்துகளில்தான் விலை எழுதினார்.

'பவுண்டு ஸ்டெர்லிங்' என்கிறார்களே, ஸ்டெர்லிங் என்றால்?

நார்மன் அரசர்கள் காலத்து வெள்ளிப் பென்னிக்கு இருந்த பெயர் அது. பின்னர் அந்தப் பென்னியின் தரத்துக்கே பெயரானது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி. வெள்ளிக் கொலுசில் 925 என்று முத்திரை பார்த்திருப்பீர்கள், அதே தரம்தான்.

நகைக்கடையில் சொல்லும் பவுனுக்கும் இந்தப் பவுண்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

நெப்போலியனோடு நடந்த போர்கள் முடிந்தபின், 1816 இல் பிரிட்டன் தன் நாணய முறையைத் தங்கத்தின் மேல் திருத்தி அமைத்தது. அடுத்த ஆண்டு புதிய சாவரின் வெளிவந்தது. 22 காரட் தங்கம், எடை 7.988 கிராம், மதிப்பு சரியாக ஒரு பவுண்டு. குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் படத்தை இத்தாலியரான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கினார். அந்தப் படம் இன்றும் சாவரினில் இருக்கிறது. லண்டனில் மட்டுமல்லாமல் சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா நகரங்களிலும் இந்த நாணயம் அடிக்கப்பட்டது. 1918 இல் மட்டும் பம்பாயிலும் அடித்தார்கள். அந்தக் காசுகளில் இந்தியாவைக் குறிக்க ஆங்கில 'ஐ' எழுத்து சிறியதாக இருக்கும்.

எந்த ஊரில் அடித்தாலும் தரமும் எடையும் மாறாததால் நம் மக்கள் அந்தக் காசைத் தங்கத்துக்கு அளவுகோலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு மதிப்பு என்பதால் 'பவுன்'. சாவரின் என்ற பெயரிலிருந்து 'சவரன்'. எடையைப் பின்னர் முழுதாக எட்டு கிராம் என்று வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழரும் தங்கத்தைப் பவுண் கணக்கில்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஓர் எடையின் பெயர் பணத்தின் பெயராயிற்று. கடல் கடந்து வந்த அந்தப் பணத்தின் பெயர் நம்மிடம் மீண்டும் எடையாகிவிட்டது. இன்று லண்டனில் ஒரு பவுண்டுக்கு ஒரு கோப்பை காபிகூட வாங்குவது கடினம். ஆனால் "பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள்?" என்று கேட்கும் சம்பந்தி, 1817 ஆம் ஆண்டின் பவுண்டைத்தான் கேட்கிறார்.

ஷில்லிங், பென்னியில் எப்படித்தான் கணக்குப் போட்டார்கள்?

நம் தாத்தாக்கள் ரூபாய், அணா, பைசாவில் போட்டதைப் போலத்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு பவுண்டு 17 ஷில்லிங் 9 பென்னிக்கு ஒரு பொருளும், இரண்டு பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னிக்கு இன்னொரு பொருளும் வாங்குகிறார். ஒன்பதும் எட்டும் பதினேழு பென்னி. அதில் பன்னிரண்டு போனால் ஒரு ஷில்லிங் 5 பென்னி. பதினேழும் ஆறும், கைவசம் வந்த ஒன்றும் சேர்ந்து 24 ஷில்லிங். அது ஒரு பவுண்டு 4 ஷில்லிங். மொத்தம் நான்கு பவுண்டு 4 ஷில்லிங் 5 பென்னி. பள்ளிப் பிள்ளைகள் இதை மனக்கணக்காகப் போட வேண்டும்.

முட்டாள்தனமான முறை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 240 என்ற எண்ணை 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என்று பலவற்றால் மிச்சமின்றி வகுக்கலாம். ஒரு பவுண்டை மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சரியாக 6 ஷில்லிங் 8 பென்னி. நூறு பைசாவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு பைசா யாருக்கும் சேராமல் நிற்கும். காகிதமும் பேனாவும் இல்லாத சந்தையில் பங்கு போடுவதற்கு அந்த முறை பொருத்தமாகவே இருந்தது.

பழைய விளம்பரங்களில் 3/6, 5/- என்று இருக்கிறதே?

சாய்கோட்டுக்கு இடப்புறம் ஷில்லிங், வலப்புறம் பென்னி. 3/6 என்றால் மூன்று ஷில்லிங் ஆறு பென்னி. 5/- என்றால் ஐந்து ஷில்லிங், பென்னி ஏதும் இல்லை. நம் ஊரிலும் ரூபாய், அணா, பைசாவைச் சாய்கோட்டால் பிரித்தே எழுதினார்கள். அணா ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் ரசீதிலும் காசோலையிலும் தொகைக்குப் பின்னால் அந்தக் கோட்டையும் சிறு கீற்றையும் கை தானாகவே போடுகிறது.

நாவல்களில் வரும் ஃபார்திங், ஃபுளோரின், கிரவுன், கினி எல்லாம் எவ்வளவு?

சிறியதிலிருந்து சொல்கிறேன். ஃபார்திங் கால் பென்னி; கடைசி ஃபார்திங்குகளில் ரென் என்னும் குட்டிப் பறவை இருக்கும், 1960 முடிவோடு செல்லாமல் போனது. மூன்று பென்னிக் காசு 1937 முதல் பன்னிரண்டு பக்கங்களோடு பித்தளை நிறத்தில் வந்தது. ஆறு பென்னிக் காசைப் பேச்சில் 'டானர்' என்பார்கள், ஷில்லிங்கை 'பாப்'. ஃபுளோரின் இரண்டு ஷில்லிங், அரைக் கிரவுன் இரண்டரை ஷில்லிங், கிரவுன் ஐந்து ஷில்லிங். பவுண்டுக்கு 'குயிட்' என்பது இன்றும் வழக்கில் உள்ள பேச்சுச் சொல்.

கினிதான் கதை உள்ள நாணயம். 1663 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையிலிருந்து வந்த தங்கத்தில் அடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். தங்கத்தைக் கொண்டுவந்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் அடையாளமாக அரசர் தலைக்குக் கீழே சிறு யானை இருக்கும். அதே கம்பெனி மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றது. அந்த அழகான சிறு யானையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பிற்காலத்துக் கினிகள் சிலவற்றில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகளும் உண்டு.

கினியின் மதிப்பு தங்க விலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1717 இல் 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார்கள். 1814 க்குப் பிறகு அடிக்கவில்லை. ஆனாலும் மருத்துவர், வழக்கறிஞர், ஓவியர் போன்றோர் தங்கள் கட்டணத்தைக் கினியில் சொல்வதையே மதிப்பாகக் கருதினார்கள். பந்தயக் குதிரை ஏலங்களில் இன்றும் கினிக் கணக்கு உண்டு. ஒரு கினி என்றால், பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற இன்றைய கணக்கில், ஒரு பவுண்டு 5 பென்ஸ்.

நாணயத்தின் ஓரத்தில் ஏன் வரிவரியாக இருக்கிறது?

திருடர்களால். வெள்ளிக் காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளிதான் என்றால், ஓரத்தைக் கத்தரித்துச் சிறிது வெள்ளியை எடுத்துக்கொண்டு காசைப் பழைய மதிப்புக்கே தள்ளிவிடலாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்தில் இருந்த காசுகள் பலவும் இப்படிச் சுரண்டப்பட்டுத் தேய்ந்திருந்தன. ஓரத்தில் வரியோ எழுத்தோ இருந்தால் கத்தரித்தது உடனே தெரிந்துவிடும்.

1696 இல் பழைய வெள்ளிக் காசுகளையெல்லாம் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அடிக்கத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் நாணயச்சாலைக்குப் பொறுப்பாக வந்தவர் ஐசக் நியூட்டன். பெயருக்குப் பதவியில் இருந்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். உலைகளையும் எந்திரங்களையும் கண்காணித்தார். கள்ளக்காசு அடித்தவர்களைப் பற்றித் தாமே சாட்சிகளை விசாரித்து வாக்குமூலம் எழுதினார். அவர் விடாமல் துரத்திய வில்லியம் சலோனர் என்ற கைதேர்ந்த கள்ளக்காசுக்காரன் 1699 இல் தூக்கிலிடப்பட்டான். புவியீர்ப்பு விதியை எழுதிய அந்தக் கை கடைசி முப்பது ஆண்டுகள் நாணயச்சாலைக் கோப்புகளில்தான் எழுதிக்கொண்டிருந்தது. கினிக்கு 21 ஷில்லிங் என்று 1717 இல் முடிவானதும் அவருடைய அறிக்கையை ஒட்டியே.

சுரண்டப்பட்ட வெள்ளியின் நட்டத்தை ஈடுகட்டப் போட்ட வரி வீட்டு ஜன்னல்களுக்கான வரி. அதற்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைபட்ட ஜன்னல்களைப் பழைய ஆங்கிலேய வீடுகளில் இன்றும் காணலாம்.

நோட்டில் "கேட்டவுடன் தருவதாக உறுதியளிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறதே, எதைத் தருவார்கள்?

ஒரு காலத்தில் தங்கத்தைத் தந்தார்கள். பிரான்சோடு போர் நடத்த அரசுக்குக் கடன் தருவதற்காக 1694 இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கப்பட்டது. பன்னிரண்டு லட்சம் பவுண்டு பன்னிரண்டு நாள்களில் திரண்டது. தன்னிடம் பணம் போட்டவர்களுக்கு வங்கி எழுதிக்கொடுத்த சீட்டுதான் நோட்டின் தொடக்கம். சீட்டை நீட்டினால் தங்கம் வரும் என்ற நம்பிக்கையில் சீட்டே கை மாறியது.

1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை இறங்கிவிட்டது என்ற செய்தியால் மக்கள் தங்கத்தைக் கேட்டு முண்டியடித்தார்கள். நோட்டுக்குத் தங்கம் தருவதை அரசு நிறுத்திவைத்தது. அதுவரை ஐந்து பவுண்டுக்குக் கீழே நோட்டு இல்லை; ஏழைகள் நோட்டையே பார்த்ததில்லை. இப்போது ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை அவசரமாக அச்சிட்டுவிட்டார்கள். சாதாரண அச்சுதான், எளிதில் போலி செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் கையில் கள்ளநோட்டு வந்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? அதைக் கடையில் கொடுத்தவனையும் சட்டம் விடவில்லை. கள்ளநோட்டுக் குற்றத்துக்காக முந்நூறுக்கும் மேற்பட்டோர் தூக்கில் இடப்பட்டார்கள். அந்தக் காட்சியைக் கண்டு கொதித்த ஓவியர் ஜார்ஜ் குரூக்ஷாங்க், 1819 இல் வரிசையாகத் தூக்கில் தொங்கும் மனிதர்களை நோட்டு வடிவத்திலேயே வரைந்து வெளியிட்டார். தன் நோட்டைப் பிழையில்லாமல் அச்சிட முடியாத வங்கி ஏமாந்த ஏழையின் உயிரை எடுத்தது என்ற கோபத்தை அந்தப் படத்தில் இன்றும் பார்க்கலாம்.

1821 இல் மீண்டும் தங்கம் தந்தார்கள். 1914 இல் உலகப் போர் அதை நிறுத்தியது. சர்ச்சில் நிதியமைச்சராக இருந்த 1925 இல் தங்க அடிப்படை திரும்பி வந்தது. 1931 செப்டம்பரில் நிலையாகக் கைவிடப்பட்டது. இன்று பத்துப் பவுண்டு நோட்டை வங்கியில் நீட்டி, எழுதியிருப்பதைத் தாருங்கள் என்று கேட்டால் வேறொரு பத்துப் பவுண்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

ரூபாயின் மதிப்பை லண்டன் தீர்மானித்ததா?

தீர்மானித்தது. அதன் விலையையும் நாமே கொடுத்தோம்.

சென்னையில் கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் வராகன், பணம், காசு என்ற நம் கணக்குதான் நடந்தது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். பழைய சென்னையின் தங்கசாலைத் தெரு அந்தக் காலத்து நாணயச்சாலையின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. 1835 இல் இந்தியா முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாய் வந்தது. வெள்ளி விலை உலகச் சந்தையில் சரிந்ததால், இரண்டு ஷில்லிங் அளவில் இருந்த ரூபாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருமளவு வீழ்ந்தது. பிறகு ஒரு ஷில்லிங் 4 பென்னி, அதாவது பவுண்டுக்கு 15 ரூபாய் என்று கட்டினார்கள். 1927 இல் ஒரு ஷில்லிங் 6 பென்னி ஆக்கினார்கள். பவுண்டுக்குப் பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேல். ரூபாயின் விலையை இப்படி உயர்த்தினால் நம் பருத்தியும் சணலும் வெளிநாட்டில் விலைபோகாது என்று பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், இதை ஆராய அமைத்த விசாரணைக் குழுவில் இருந்தே மறுப்பு எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

அதைவிடப் பெரிய கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. படைக்குத் துணி, தானியம், தளவாடம் எல்லாம் இந்தியாவில் வாங்கப்பட்டன. விலையை ரொக்கமாகக் கொடுக்காமல் லண்டனில் பவுண்டுக் கணக்கில் பற்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து இங்கே ரூபாய் நோட்டு அடித்துத் தள்ளப்பட்டது. பொருள் கப்பலில் போனது, நோட்டு மட்டும் பெருகியது, விலை ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் போர்க்கால விலையேற்றத்தின் பங்கை அமர்த்தியா சென் விரிவாக எழுதியிருக்கிறார். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. அதையும் உடனே எடுக்க விடாமல் தவணை தவணையாகத் தந்தார்கள். அதற்குள் 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தார்கள். நம்மிடம் மீதமிருந்த இருப்பின் டாலர் மதிப்பும் கூடவே விழுந்தது.

பழைய காசில் அரசர் பெயரோடு இருக்கும் 'இண்ட் இம்ப்' என்ன?

'இந்தியாவின் பேரரசர்' என்பதற்கான லத்தீன் சுருக்கம். 1893 முதல் பிரிட்டிஷ் காசுகளில் வந்தது. நாம் விடுதலை பெற்றபின் 1949 காசுகளிலிருந்து அந்த எழுத்துகள் இல்லை. 1948, 1949 ஆண்டுக் காசுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பேரரசு முடிந்ததைச் சட்டைப்பையில் இருந்த பென்னியே சொல்லிவிடும்.

நூறு பென்ஸ் ஒரு பவுண்டு என்று எப்போது மாறியது?

1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சில நாள்கள் கணக்குகளை மாற்றுவதற்காக வங்கிகளை மூடிவைத்தார்கள். முன்னேற்பாடு நன்றாகவே இருந்தது. பழைய ஷில்லிங்கின் அளவிலேயே 5 பென்ஸும், ஃபுளோரின் அளவிலேயே 10 பென்ஸும் 1968 இலேயே வந்துவிட்டன. பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலாக ஏழு பக்க 50 பென்ஸ் 1969 இல் வந்தது. அதன் பக்கங்கள் நேர்கோடுகள் அல்ல, மெல்லிய வளைவுகள். எப்படித் திருப்பினாலும் அகலம் ஒன்றாகவே இருப்பதால் காசு போடும் எந்திரத்தில் சிக்காது.

ஆனாலும் முதியவர்கள் தடுமாறினார்கள். புதிய பென்னி ஒன்று பழைய பென்னி 2.4 க்குச் சமம் என்பதால், கடைக்காரர்கள் பின்னத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள் என்ற புகார் பல ஆண்டுகள் ஓயவில்லை.

இதில் நாம் மூத்தவர்கள். இலங்கை 1872 இலேயே ரூபாயை நூறு சதமாக்கிவிட்டது. இந்தியா 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசாவுக்கு மாறியது.

இப்போது புழக்கத்தில் உள்ளவை எவை?

காசுகளில் 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ், ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு. பன்னிரண்டு பக்க ஒரு பவுண்டுக் காசு 2017 மார்ச்சில் வந்தது. கள்ளக்காசு மிகுந்துபோன பழைய வட்டக் காசு அதே ஆண்டு அக்டோபரில் செல்லாமல் போனது. சார்லஸ் மன்னர் காலத்துப் புதிய காசுகளில் தேனீ, அணில், சால்மன் மீன் போன்ற உயிரினங்கள் இருக்கின்றன.

நோட்டுகள் நான்கு, எல்லாம் பாலிமர் என்னும் பிளாஸ்டிக் தாள். ஐந்தில் சர்ச்சில், பத்தில் ஜேன் ஆஸ்டன், இருபதில் ஓவியர் டர்னர், ஐம்பதில் கணித மேதை ஆலன் டூரிங். முன்பக்கத்தில் எலிசபெத் அரசி உள்ளவையும், 2024 ஜூன் முதல் வந்த சார்லஸ் மன்னர் உள்ளவையும் சேர்ந்தே செல்லும்.

அரசர் தலை சில காசில் இடம், சில காசில் வலம் பார்க்கிறதே?

ஓர் அரசர் ஒரு பக்கம் பார்த்தால் அடுத்தவர் மறுபக்கம் பார்ப்பது பதினேழாம் நூற்றாண்டு முதல் மரபு. எலிசபெத் வலம், சார்லஸ் இடம். எட்டாம் எட்வர்டு தன் இடப்புறமே அழகு என்று மரபை மீற நினைத்தார். அவருடைய காசுகள் பொதுப் புழக்கத்துக்கு வருமுன்னே பதவி துறந்துவிட்டார்.

நோட்டில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்பது உண்மையா?

விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. பாலிமர் தாள் தயாரிப்பில் அது சேர்கிறது. 2016 இல் ஐந்து பவுண்டு நோட்டு வந்தபோது இந்தச் செய்தி வெளியாகி, பிரிட்டனில் உள்ள இந்துக்களும் சைவ உணவினரும் பலமாக எதிர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கோயில் உண்டியலில் இந்த நோட்டை ஏற்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. வங்கி பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் மாற்றுப் பொருளையும் ஆராய்ந்துவிட்டு, 2017 ஆகஸ்டில் மாற்றமில்லை என்று அறிவித்தார்கள். கருத்தைக் கேட்டுவிட்டுத் தள்ளிவைத்தது சரியல்ல என்பதே என் எண்ணம். நோட்டைத் தொடாமல் ஒருவர் வாழ முடியாது. விருப்பம் என்று ஒன்று அதில் இல்லை.

ஸ்காட்லாந்து நோட்டை லண்டனில் வாங்குவார்களா?

பெரும்பாலும் வாங்குவார்கள், சில கடைகளில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகளும் வட அயர்லாந்தில் மூன்று வங்கிகளும் சொந்த நோட்டு வெளியிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்டுதான். அவற்றுக்கு ஈடாக பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் பணம் வைக்க வேண்டும். அதற்கென்றே பத்து லட்சம் பவுண்டு, பத்துக் கோடி பவுண்டு நோட்டுகள் உண்டு. வெளியே ஒருபோதும் வராதவை அவை. 1826 இல் ஸ்காட்லாந்தின் ஒரு பவுண்டு நோட்டுகளை ஒழிக்க லண்டன் முனைந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பத்திரிகையில் கடிதங்கள் எழுதித் தடுத்தார். அவர் முகம் இன்றும் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும்போது இந்த நோட்டுகள் கையில் இருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள். நம் ஊர்ச் செலாவணிக் கடைகள் தயங்கும். பிரிட்டனை அடுத்த சிறு தீவுகளான ஜெர்சி, கெர்ன்சி, மான் ஆகியவற்றின் நோட்டுகளைப் பிரிட்டன் கடைகளே பெரும்பாலும் வாங்காது.

வீட்டில் பழைய பவுண்டு நோட்டு இருக்கிறது. மாற்ற முடியுமா?

முடியும். பாங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட நோட்டு எத்தனை பழையதானாலும் அதன் முகமதிப்பை வங்கி தரும்; கால வரம்பு இல்லை. கடையில் மட்டும் செல்லாது. 20, 50 பவுண்டுக் காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30 க்குப் பிறகு கடையில் செல்லாது, வங்கியில் மாற்றலாம். பழைய ஷில்லிங், பென்னிக் காசுகளுக்கு இந்த வசதி இல்லை. அவற்றைச் சேகரிப்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். மாற்றும் முன் ஒன்று: பழைய வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டு போன்றவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் முகமதிப்பைவிடப் பல மடங்கு தருவார்கள்.

லண்டன் போகிறேன். எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

மிகக் குறைவாக. லண்டன் பஸ்களில் 2014 ஜூலை முதல் ரொக்கமே வாங்குவதில்லை. அட்டையைத் தொட்டால் போதும். இருபது பவுண்டு நோட்டுகள் சில வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைச் சிறு கடைகள் விரும்புவதில்லை.

யூரோவுக்கு ஏன் மாறவில்லை?

1992 செப்டம்பர் 16 இன் காயம் ஒரு காரணம். ஐரோப்பிய நாணயங்களோடு பவுண்டைக் கட்டிவைத்த ஏற்பாட்டைக் காப்பாற்ற அன்று ஒரே நாளில் வட்டியை 10 இலிருந்து 12 சதவீதமாக உயர்த்தி, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தார்கள். பவுண்டை விற்பவர்கள் நிற்கவில்லை. மாலையில் பிரிட்டன் விலகிக்கொண்டது. பிறகு யூரோவில் சேரும் பேச்சு வந்தபோதெல்லாம் அந்தப் புதன்கிழமை குறுக்கே நின்றது.

என்னிடம் உள்ள பழைய காசு லட்சக்கணக்கில் போகுமா?

பெரும்பாலும் போகாது. 1933 ஆம் ஆண்டுப் பென்னி கிடைத்தால் போகும். உலகில் ஏழு அளவில்தான் இருக்கின்றன. அண்மைக் காசுகளில் 2009 இல் வந்த கியூ தோட்டத்து 50 பென்ஸ் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டதால் முகமதிப்பைவிட நல்ல விலை போகிறது. 2023 சால்மன் மீன் 50 பென்ஸ் அதைவிடவும் குறைவு, 2,00,000. எந்தக் காசானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் மதிப்பதில்லை.

எங்கள் டப்பாவில் இருந்த கப்பல் அரைப் பென்னி மிகச் சாதாரணமானது; கோடிக்கணக்கில் அடித்தார்கள். ஆனால் நான் சிறு வயதில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். 1944 இல் பவுண்டுக்கு 480 அரைப் பென்னி, பவுண்டுக்குப் பதின்மூன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல், ரூபாய்க்கு 192 தம்படி. கணக்குப் போட்டால் ஓர் அரைப் பென்னிக்கு ஐந்து தம்படியும் இன்னும் கொஞ்சமும் வருகிறது. அரை அணா என்பது ஆறு தம்படி; அதற்கு முக்கால் தம்படிக்கும் குறைவாகத்தான் இடிக்கிறது. அந்தக் காலத்து மிட்டாய்க் கடைக்காரர் பரவாயில்லை என்று அரை அணா மிட்டாயைப் பொட்டலம் கட்டித் தந்திருப்பார்.